பி ஏழாம் குழி

குழித்தட்டின் தொண்ணூற்றாறு குழிகளில் எட்டு முடிந்திருக்கிறது. இன்னும் எண்பத்தெட்டு. மணி இரண்டரை இருக்கலாம். செல் வளர்க்கும் இந்த அறையில் ஜன்னல் கிடையாது, கடிகாரம் நின்று நாளாகிறது, ஃபோன் உள்ளே வரக் கூடாது என்று கதவில் ஒட்டியிருக்கிறது. அதை எழுதி ஒட்டியவளே நான்தான். என் ஃபோன் வெளியே லாக்கரில், கைப்பைக்குள், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எலுமிச்சம்பழம் குமட்டலுக்கு. ஃபோனுக்குள் அந்த மெயில் இந்நேரம் வந்திருக்கலாம். நான்கு மணிக்குள் அனுப்பிவிடுவோம் என்று காலையில் சொன்னார்கள், ஆனால் அவர்கள் நான்கு மணி என்றால் மூன்றும் ஆகும், ஆறும் ஆகும். பாதியில் எழுந்து போனால் செல்கள் காய்ந்துவிடும் என்று என்னோடு வேலை செய்யும் ஃபௌசியாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் நான் உட்கார்ந்திருப்பது அதற்காக இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. குழி எட்டு முடிந்தது, ஒன்பது. பிப்பெட்டின் முனையைப் புதிதாகச் செருகு. கண்ணை மைக்ரோஸ்கோப்பில் வை. மெயிலை நினைக்காதே. நினைக்காதே என்று சொல்லும்போதே நினைத்தாயிற்று.

மைக்ரோஸ்கோப்பின் கீழே இருக்கும் வட்டத் தட்டின் அடியில் ஒரு படலமாகச் செல்கள் விரிந்து கிடக்கின்றன. அவை வளராது, வளர்கிறவற்றுக்குப் படுக்கையாக இருப்பதோடு அவற்றின் வேலை சரி. அதன்மேல் அங்கங்கே சிறு மேடாக, ஓரம் பளிச்சென்று, ஒவ்வொரு திட்டு. ஒரு திட்டு முழுவதும் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகியது. அந்த முதல் செல், கருவாகி மூன்றரை நாளே ஆன ஓர் எலிக்கருவின் உள்ளிருந்து எப்போதோ எடுத்தது. அந்த நிலையில் அது எதுவாகவும் ஆகவில்லை. ஈரலாகவும் ஆகலாம், இதயமாகவும் ஆகலாம், காதாகவும் ஆகலாம். ஆகிவிடாமல் இருக்கத்தான் நாங்கள் தினமும் அந்த ரோஸ் நிறத் திரவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஒரு நாள் மறந்தால் அவை தாமாகவே எதையாவது முடிவு செய்துகொண்டுவிடும். பத்து நாள் முன்பு இந்தச் செல்களுக்குள் மின்சாரம் பாய்ச்சி ஒரு டி.என்.ஏ. துண்டை அனுப்பினேன். ஒரு குறிப்பிட்ட ஜீனில், ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரே ஓர் எழுத்தை மாற்றுகிற துண்டு. துண்டு புகாத செல்களெல்லாம் மருந்தில் செத்தன. புகுந்தவை திட்டுகளாக முளைத்திருக்கின்றன. ஆனால் புகுந்தவை எல்லாம் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தன என்று அர்த்தமில்லை, நூற்றில் ஒன்று உட்கார்ந்தால் பெரிய விஷயம். அதனால்தான் தொண்ணூற்றாறு திட்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி, உறிஞ்சி, தனித்தனிக் குழியில் விட்டு, வளர்த்து, பாதியை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மீதிப் பாதியில் ஒவ்வொன்றின் எழுத்தையும் படிக்கச் சொல்லிப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பவேண்டும். போன மாதம் எடுத்த தொண்ணூற்றாறின் பதில்தான் இன்றைக்கு வரவேண்டியது. அதற்கு முந்தைய இரண்டு தடவையும் பூஜ்யம். இந்த ஆய்வகத்தை நடத்தும் நவநீதன் ஸார் நகம் கடிப்பதை நிறுத்தி மூன்று வருஷம் ஆயிற்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார், இந்த வாரம் மறுபடி ஆரம்பித்துவிட்டார். காலையிலிருந்து மூன்று தடவை கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். பதில் வந்ததா என்று புருவத்தால் கேட்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். எனக்குக் கையாலும் முகத்தாலும் பேசுவது சுலபம். அது எங்கள் வீட்டுப் பழக்கம்.

அந்த எழுத்தும் எங்கள் வீட்டு எழுத்துதான். என் தம்பி கோமதிநாயகத்துக்கு அந்த இடத்தில் இரண்டு எழுத்தும் மாறியிருக்கிறது, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. அவனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். எங்கள் பக்கம் அது முறை. முறைக்காரன் இருக்கும்போது வெளியே பெண் கொடுத்தால்தான் ஊர் ஏன் என்று கேட்கும். எனக்கு ஒன்று மாறியிருக்கிறது, ஒன்று சரியாக இருக்கிறது. ஒன்று சரியாக இருந்தால் போதும், காது கேட்கும். எனக்கு நன்றாகவே கேட்கும். நான் கைவிட்டு வேலை செய்யும் இந்தக் கண்ணாடிக் கூண்டின் காற்றாடி சத்தம், பின்னால் ஃபௌசியா பாட்டிலைத் திறக்கும் சத்தம், என் வயிற்றுக்குள் மதியச் சாப்பாடு புரளும் சத்தம் எல்லாம் கேட்கிறது. அம்மாவுக்குத் தட்டு அடிக்கும் சத்தம் இப்போதும் கேட்குமாம், தூக்கத்தில். தம்பிக்கு ஆறு மாதம் ஆனபோது எதிர்வீட்டு அக்கா ஏதோ சொல்லிவிட்டுப் போக, அம்மா தினமும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிப்பாள். அவன் திரும்பமாட்டான். அவள் முகம் போகிற போக்கை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஆறு வயது. ஒரு நாள் அம்மா அடித்தபோது நான் அவனுக்கு விரலைக் காட்டினேன், அங்கே பார் என்று, அவன் முதுகுப் பக்கம். அவன் திரும்பினான். திரும்பி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அம்மா தட்டைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்கி, 'எம் புள்ளைக்கு கேக்கு, எம் புள்ளைக்கு கேக்கு' என்று தெரு வரைக்கும் ஓடினாள். அன்றைக்கு வீட்டில் கேசரி. நான் இரண்டு கிண்ணம் தின்றேன். குழி பதினொன்று. இந்தத் திட்டின் ஓரம் சரியில்லை, தட்டையாகக் கிடக்கிறது, இது ஏற்கெனவே எதுவாகவோ ஆக ஆரம்பித்துவிட்டது. விட்டுவிடு, அடுத்தது.

ஒரு தடவையோடு நின்றேனா. அம்மா சந்தேகம் வரும்போதெல்லாம் தட்டை எடுப்பாள், நான் ஓடிப்போய் எதிரில் உட்கார்ந்துவிடுவேன். அம்மாவின் முகத்துக்காகச் செய்தேன், அப்படித்தான் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேசரிக்காகவும் இருக்கலாம். ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது. மதுரை டாக்டர், 'இன்னும் முன்னாலயே கூட்டிட்டு வந்திருந்தா மெஷின் வெச்சு, பேச்சுப் பழக்கி, கொஞ்சமாச்சும் வந்திருக்கும்மா' என்றார். அம்மா அந்த வாக்கியத்தை இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கல்யாண வீடுகளில், பஸ்ஸில், கறிகாய் நறுக்கும்போது. 'நான் பாத்து பாத்துதான இருந்தேன், திரும்புனானே' என்பாள். நான் அந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. நேர்முகத் தேர்வில் நவநீதன் ஸார், இந்தத் துறையில் உங்களுக்கு ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, என் தம்பிக்குக் காது கேட்காது ஸார் என்றேன். ஸார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குமேல் நான் சொல்லவில்லை. ஒரு பரிசோதனையின் முடிவை மாற்றிக் காட்டியவள் என்று சொல்லியிருந்தால் வேலை கொடுத்திருப்பாரா. பன்னிரண்டு, முதல் வரிசை முடிந்தது. அடுத்த வரிசை பி. அந்த எழுத்தை வாய்க்குள்கூடச் சொல்லாமல் அடுத்த முனையைச் செருகுகிறேன்.

பதினோரு வாரம். ஸாருக்குத் தெரியாது, ஃபௌசியாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குக் கூடச் சொல்லவில்லை. அத்தானுக்கு மட்டும் தெரியும். என் வீட்டுக்காரர் பூசைத்துரை, அப்பாவின் அக்கா மகன், பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், நாள் முழுக்க விசில் ஊதிவிட்டு வருகிற மனுஷன். எலியின் எழுத்தை நான் மாற்றுவதாக யாரிடமாவது சொல்லும்போது, 'எங்க வீட்டுல இவ எழுத்துதான் செல்லும்' என்று கேலி பேசுவார். படித்தவள்தானே, தெரிந்துகொண்டே எப்படி அத்தை மகனைக் கட்டினாய் என்று ஃபௌசியா ஒரு நாள் நேராகவே கேட்டாள். என்ன சொல்ல. பிடித்திருந்தது. சின்ன வயசிலிருந்தே அவர் என் தம்பியோடு கையால் சரளமாகப் பேசுவார், ஊரில் வேறு எந்தப் பையனும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அதற்காகவே கட்டினேன் என்று சொன்னால் பாதி உண்மை. அப்பாவிடம் அந்த எழுத்து நிச்சயம் இருக்கிறது. அத்தையிடம் இருக்க இரண்டில் ஒரு பங்கு. அத்தையிடம் இருந்து இவருக்கு வர மறுபடி இரண்டில் ஒன்று. நாலில் ஒன்று. இவரிடமும் இருந்தால், எங்கள் பிள்ளைக்கு இரண்டும் மாறி வர இன்னொரு நாலில் ஒன்று. இந்தக் கணக்கை நான் பஸ்ஸில் போடுகிறேன், குளிக்கும்போது போடுகிறேன், ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வருகிறது, இருந்தும் மறுபடி போடுகிறேன். 'ஒரு சொட்டு எச்சில் குடுங்க அத்தான், பாத்துரலாம்' என்று கல்யாணமான வருஷமே கேட்டேன். போன மாதமும் கேட்டேன். அவருக்குக் கோபமே வராது, அன்றைக்கு வந்தது. 'தெரிஞ்சு என்னட்டி செய்யப்போற? கோமதிக்கு என்ன கொறச்சல்? தறி ஓட்டுதான், சம்பாதிக்கான், உங்க அம்மைய அவன்தான் பாக்கான். அவன மாதிரி ஒருத்தன் வந்தா வேண்டாம்னு சொல்லிருவியா?' சொல்லமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது வாயில் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் அவர் எச்சிலைச் சோதிக்கமாட்டார்கள். என் வயிற்றில் ஊசியைவிட்டுப் பிள்ளையையே நேராகப் பார்க்கலாம், வழி இருக்கிறது, ஆனால் அவரிடம் இல்லையென்றால் அந்த ஊசியே தேவையில்லை. இல்லையென்று மட்டும் தெரிந்தால் போதும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பதினைந்து நாள் கழித்து அவருக்கு வாய்ப்புண் வந்தது. கிராம்புத் தைலம் தடவிவிடுகிறேன், வாயைத் திறங்கள் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஆவென்று திறந்தார். நாலாம் வகுப்புப் பையன் மாதிரி. தைலம் தொடாத இன்னொரு பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை நன்றாகத் தேய்த்தேன். இருபது தடவை சுழற்றவேண்டும், நான் முப்பது சுழற்றினேன். 'எரியுதா அத்தான்' என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. அப்புறம் நிஜமாகவே தைலமும் தடவினேன். குச்சியைக் குப்பையில் போடுவதுபோல் போய் டப்பாவுக்குள் போட்டேன். மறுநாள் காலையில் டிஃபன் கூடையில் இட்லிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துவந்தேன். புண் ஆறியதும், 'உன் கை ராசியான கைட்டி' என்றார். அதை நினைத்தால் குமட்டுகிறது. இது பிள்ளையால் வருகிற குமட்டல் இல்லை. ஃபௌசியா எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். 'என்னக்கா, ஒரு குழிக்கு இவ்ளோ நேரம்? முகமெல்லாம் வேர்த்திருக்கு.' ஏ.சி. சரியில்லை என்கிறேன். 'எனக்குக் குளிருது. நீங்க ஏதோ மறைக்கறீங்க. ரெண்டு வாரமா டீ குடிக்கலை, கேன்டீன் மீன் வாசனைன்னா ஓடறீங்க. நான் ஆம்பூர்க்காரி, எங்க வீட்ல அஞ்சு அண்ணி, எனக்குத் தெரியாதா.' சிரித்துக்கொண்டே போகிறாள். அவளுக்கு அந்த விஷயம்தான் தெரியும். போகட்டும். இருபது, இருபத்தொன்று. கை நடுங்கினால் ஒரே முனையில் இரண்டு திட்டு ஏறிவிடும், அப்புறம் அந்தக் குழியில் இருப்பது யார் பிள்ளை என்று தெரியாது. மெதுவாக.

குச்சியை என்ன செய்வது என்று மூன்று நாள் யோசித்தேன். என் பெயரில் தனியாக அனுப்பினால் படிவம் கேட்பார்கள், மனித மாதிரிக்குத் தனிக் குழுவின் அனுமதி வேண்டும். ஆனால் அந்த எழுத்தைச் சுற்றி ஒரு சிறு தூரத்துக்கு எலிக்கும் மனுஷனுக்கும் எழுத்து ஒன்றுதான். கோடிக்கணக்கான வருஷமாக மாறாத இடம். எலிக்குப் போடும் அதே ரசாயனத்தில் மனுஷனின் எழுத்தையும் படித்துவிடலாம். இது எனக்குத் தெரிந்திருக்காவிட்டால் நல்லவளாகவே இருந்திருப்பேன். போன மாதத் தட்டில் பி வரிசையின் ஏழாம் குழி செத்துப்போயிருந்தது. எடுத்த மறுநாளே செல்கள் உரிந்து மிதந்தன. வழக்கமாக நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவோம். அன்றைக்குத் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று யாரோ கூப்பிட, கோடு போடாமல் எழுந்துபோனேன், பிறகு மறந்தேன். ஆக, நோட்டில் பி ஏழு உயிரோடு இருந்தது. காலியான குழிக்கு ஆள் வேண்டும். அத்தானை அங்கே வைத்தேன். தொண்ணூற்றைந்து எலிகளுக்கு நடுவில் என் அத்தான். பதில் ஓர் அட்டவணையாக என் மெயிலுக்கு மட்டும் வரும், ஒவ்வொரு குழிக்கும் எதிரே பழைய எழுத்தா, புது எழுத்தா, இரண்டுமா என்று. அதை நான் பார்த்து, சீர் செய்து, ஸாருக்கு அனுப்புவேன், அதுதான் இங்கே நடைமுறை. அனுப்புமுன் அந்த வரியை மட்டும் அழித்து, நோட்டில் கோட்டைப் போட்டுவிட்டால் முடிந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. இப்படித்தான் எல்லாத் திருட்டும் ஆரம்பிக்கும்போது யாருக்கும் நஷ்டமில்லாமல் இருக்கிறது.

முப்பத்தெட்டு. முதுகு வலிக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது தறிக்கூடத்துக்குப் போய் கோமதியைப் பார்த்தேன். எண்பது தறி ஒரே நேரத்தில் ஓடுகிற கூடத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்கிறார்கள். நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறான் எல்லாம் கைதான். அந்தக் கைப்பேச்சில் பாதி கோமதி கற்றுக்கொடுத்தது என்று மேஸ்திரி என் காதில் கத்தினார். அங்கே அவன்தான் வாயாடி. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, நான் செய்கிற வேலையைக் கேட்டான். மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு விரலை மீசையாக ஆட்டி, எலி என்றேன். அவன் நெஞ்சைத் தொட்டு, இதுபோலவே என்றேன். அவன் புரியாமல் பார்த்தான். காதைத் தொட்டுக் கையை விரித்தேன். புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், டீ கிளாஸிலிருந்து டீ சிந்தும்வரை சிரித்தான். தன்னை மாதிரி எலி. போகிற வருகிற ஆளையெல்லாம் நிறுத்திச் சொன்னான். அப்புறம் ஏதோ யோசித்துவிட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டான்: அந்த எலியோடு கையால் பேச யார் இருக்கா. நான் மருந்து என்று ஆரம்பித்தேன், எதிர்காலம் என்று ஆரம்பித்தேன், எதிர்காலத்துக்கு எங்கள் வீட்டில் கைச்சொல் கிடையாது, நாளைக்கு என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, பாவம் என்று உதட்டைச் சுளித்தான். எலியைச் சொன்னானா என்னைச் சொன்னானா தெரியவில்லை. அவனிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். தட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நெற்றியைத் தொட்டால் நான், நெற்றியில் எனக்கு ஒரு தழும்பு. தட்டுக்குக் கை வட்டம். பொய்க்கு நாக்கை ஓரமாகத் துருத்தவேண்டும். மூன்றே அசைவு. இருபத்தாறு வருஷமாக அந்த மூன்றையும் சேர்த்துச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

நாற்பத்தாறு, நாற்பத்தேழு. ஒருவேளை இல்லையென்று வந்தால். நாலில் மூன்று பங்கு இல்லையென்றுதான் வரவேண்டும். இல்லையென்று வந்தால் நான் என்ன செய்வேன். லாக்கர் அறையில் நின்று அழுவேன். நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதி யாரிடமிருந்து தப்பித்த நிம்மதி. கோமதியிடமிருந்து. அவனைப்போல ஒருவன் என் வயிற்றில் இல்லை என்ற நிம்மதியோடு தீபாவளிக்கு ஊருக்குப் போய் அவன் தோளில் கை போடுவேன். சரி, இருக்கிறது என்று வந்தால். அப்போதும் நாலில் மூன்று பங்கு ஒன்றும் ஆகாது. ஒரு பங்குக்கு என்ன செய்வேன். அத்தான் கேட்டதற்கு அங்கேதான் பதில் இருக்கிறது, அந்த இடத்துக்கு யோசனை போகிறது, போய் நின்றுவிடுகிறது, திரும்பி மறுபடி கணக்குக்கே வந்துவிடுகிறது. பதினோரு வாரத்தில் உள்காது சுருண்டு ஏறக்குறைய உருவாகிவிடும். இந்தத் தட்டில் இருப்பவை இன்னும் முடிவு செய்யாதவை. வயிற்றில் இருப்பது முடிவு செய்துவிட்டது. நான் படிப்பதற்கு முன்பே, குச்சியைத் தேய்ப்பதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. இந்தச் செல்லில் ஓர் எழுத்தை மாற்ற எனக்கு ஆறு மாதமாக முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவாக, யாரும் கேட்காமல், எத்தனை தலைமுறையாகவோ கல்யாணப் பத்திரிகையோடு சேர்ந்து வந்துகொண்டிருக்கிறது. கதவுக்கு வெளியே யாரோ வேகமாக நடக்கிறார்கள். கீழே ரோட்டில் ஸ்கூல் பஸ்ஸின் ஹார்ன். அப்படியென்றால் மூன்றரை தாண்டிவிட்டது. ஐம்பத்திரண்டு. இந்தத் திட்டு நன்றாக இருக்கிறது, உருண்டையாக, ஓரம் தெளிவாக. சுற்றிலும் முனையால் ஒரு கோடு. மெதுவாக உறிஞ்சு.

கதவு திறக்கிறது. மேலங்கி போடாமல் இந்த அறைக் கதவை யாரும் திறக்கக் கூடாது, திறப்பது நவநீதன் ஸார். ஒரு காலைக்கூட உள்ளே வைக்காமல் வாசலிலேயே நின்று தலையை மட்டும் நீட்டுகிறார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஐந்து வருஷத்தில் அவருடைய மேல்வரிசைப் பல் முழுவதையும் நான் இன்றுதான் பார்க்கிறேன். 'ஆவுடை, என்னால பொறுக்க முடியலைம்மா. நானே அவங்களுக்கு ஃபோன் பண்ணி அட்டவணையை வாங்கிட்டேன். வந்துடுச்சு. தொண்ணூத்தாறுல ஒண்ணே ஒண்ணு. பி ஏழு. பழைய எழுத்து, புது எழுத்து, ரெண்டும் பளிச்சுனு பாதிக்குப் பாதி.' ஃபௌசியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கை தட்டுகிறாள். கையுறை போட்ட கையில் சத்தம் பொத்துப் பொத்தென்று வருகிறது. 'அக்கா, வந்துடுச்சுக்கா.' நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண் இன்னும் மைக்ரோஸ்கோப்பில் இருக்கிறது, அதில் எதுவும் தெரியவில்லை, வெறும் வெளிச்சம். பாதிக்குப் பாதி. அத்தானிடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஆவென்று வாயைத் திறந்த அந்த முகத்துக்குள் இருக்கிறது. முதலில் தோன்றியது அதுதான், இரண்டாவதாகத்தான் வயிறு தோன்றியது. ஸார் பேசிக்கொண்டே போகிறார். 'நீ சோர்ந்து போகாம மூணாவது தடவையும் செஞ்சியே, அதுக்குத்தான் வந்திருக்கு. இன்னைக்கே பி ஏழை ஃப்ரீசர்லேருந்து எடுத்து வளர்க்க ஆரம்பிச்சுடலாம். ஒரு மாசத்துல எலிக்கருவுக்குள்ள வெச்சுடலாம். இன்னிக்கு எல்லாருக்கும் ஸ்வீட். கேன்டீன்ல கேசரி போடச் சொல்லிட்டேன்.'

கேசரி. ஸார் வாசலில் நிற்கிறார், அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்றாள், அதே வாய், அதே கண். ஃப்ரீசரில் பி ஏழு இல்லை. அதை எடுத்து உருக்கினால் வெறும் தண்ணீர். பி ஏழு செத்துவிட்டது ஸார், உறைய வைத்ததில் ஏதோ கோளாறு என்று நாளைக்குச் சொல்லலாம், நம்புவார், இன்னும் ஒரு வாரம் நகம் கடிப்பார், யாருக்கும் எதுவும் தெரியாது. சொல்ல வேண்டியதுகூட இல்லை, இப்போது சும்மா சிரித்தால் போதும். என் விரல் எழுந்துவிட்டது, எங்கேயோ காட்டப் போகிறது, ஆறு வயதில் காட்டிய அதே விரல். பிப்பெட்டின் முனைக்குள் ஐம்பத்திரண்டாவது திட்டு இருக்கிறது. அதை இப்படியே பிடித்திருந்தால் காய்ந்துவிடும். அதைக் குழியில் விட்டேன். இரண்டு தடவை மேலும் கீழும் உறிஞ்சிக் கலைத்தேன். முனையைக் கழற்றிப் போட்டேன். மூடியை மூடினேன். நோட்டைப் பக்கத்தில் இழுத்து, போன மாதப் பக்கத்தைப் புரட்டி, பி ஏழாம் கட்டத்தின் குறுக்கே கோட்டைப் போட்டேன். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். ஸார் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

'ஸார், பி ஏழு எலி இல்ல. அது எங்க அத்தான்.'